கிணறு நிறையத் தண்ணீர் இருந்தது

நேற்று சிங்கப்பெருமாள் கோயில் கடைத்தெருவில் மழை பிடித்துக்கொண்டது. மளிகைக் கடை வாசலில் பிரித்துப் போட்டிருந்த அட்டைப்பெட்டிகள் நனைந்து கூழாகிக் கிடந்தன. அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஓரமாகப் போய்க் காறித் துப்பினேன். கடைக்காரர், "இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?" என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை. நனைந்த அட்டையைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அட்டை நனையக் கூடாது என்றுதானே நீ செத்தாய்.

செத்தாய் என்று எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. உங்கள் சபையில் சுவரில் ஒட்டிய தாளில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று போட்டிருந்தார்கள். நீ நித்திரை அடையவில்லை. பட்டப்பகலில், நல்ல உடம்போடு, எரிந்துபோனாய். நான் அதை அப்படித்தான் எழுதுவேன்.

நீ சதுரங்கப்பட்டினத்திலிருந்து எங்கள் காலனிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எனக்குப் பக்கத்து வீடு. வந்த புதிதில் என் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சொம்பை உடனே தராமல் உள்ளே எட்டிப் பார்த்தாய். "எங்க ஊர்ல கடலாண்ட கெணறுடி. தண்ணிய வாயில வெச்சா அழுத மாதிரி இருக்கும். இது இன்னாடி, எளநி மாதிரி கீது?" என்று கேட்டாய். ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள வயல்காட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்றேன். மறுநாளே இரண்டு குடத்தோடு என்னை முந்திக்கொண்டு போய்விட்டாய்.

அந்தக் கிணற்றில் கோடைக்குக் கோடை இறங்கித் தூர் வாரியது நம் ஆட்கள். உள்சுவரில் கல் சரிந்தால் எடுத்துக் கட்டியதும் நம் ஆட்கள். ஆனால் என் மாமியார் காலத்தில் அதில் நாம் குடம் விட முடியாது. மேலே நின்று யாராவது ஊற்றினால் கையேந்தி வாங்கிக்கொள்ள வேண்டும். நம் காலத்தில் குடம் விடாதே என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. நாமும் விட்டுப் பார்க்கவில்லை. மோட்டார் ஓடும்போது வாய்க்காலில் பிடித்துக்கொண்டோம். பிறகு வயலை விற்றார்கள். குடோன் எழும்பியது. கிணற்றைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, "தீயணைப்புக்கு மட்டும்" என்று சிவப்பில் எழுதிய பலகையை மாட்டினார்கள். அதைப் படித்துவிட்டு நீ கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "தீ குடிக்கலாமாம். நாம குடிக்கக் கூடாதாம்."

அதே குடோனில்தான் நம் இருவருக்கும் பேக்கிங் வேலை கிடைத்தது. முதல் வாரம் எல்லாரையும் நிற்க வைத்து ஒரு ஆபீசர் கூரையைக் காட்டினார். சிவப்புக் குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. அடிக்கு ஒரு மூக்கு தொங்கியது. "இதுக்குப் பேரு ஸ்பிரிங்க்ளர். தீப் பிடிச்சா யாரும் பயப்பட வேணாம். சூடு பட்டதும் மூக்கு தானா தொறந்துக்கும், மழை மாதிரி ஊத்தும்" என்றார். நீ மட்டும்தான் கேட்டாய், "தண்ணி எங்கேந்து சார் வரும்?" என்று.

"பக்கத்துல கிணறு இருக்குல்ல. வத்தாத கிணறு. அதனாலதான் தனியா தொட்டி கட்டல. மோட்டார் அதுலேந்து இழுத்துக் குடுக்கும்."

நீ என் இடுப்பில் இடித்தாய். "கேட்டியா? அவங்க நமக்கு ஒரு கொடம் தர மாட்டாங்க. ஆனா எரிஞ்சா மொத்தமா தலைல ஊத்துவாங்க." பின்வரிசை முழுவதும் சிரித்தது. ஆபீசரும் என்னவென்று புரியாமல் சிரித்தார்.

அதை நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் நீ அந்தக் குழாயை நம்பினாய். நம்மில் யாரையும் விட நீதான் அதிகம் நம்பினாய். ஏன் நம்பினாய் என்றும் எனக்குத் தெரியும். அதில் தண்ணீர் வந்ததை நீ கண்ணால் பார்த்திருக்கிறாய், வாயால் குடித்திருக்கிறாய்.

சனிக்கிழமைதோறும் மோட்டார் ஓட்டுகிற ஏழுமலை அண்ணன் அதை ஓட்டிப் பார்ப்பார். தீக்கான மோட்டார் சும்மா கிடக்கக் கூடாதாம். அப்போது வரும் தண்ணீரைப் பின்பக்கச் சுவரில் உள்ள பெரிய குழாய் வழியாகத் திறந்துவிடுவார். அது நேரே கால்வாய்க்குப் போகும். நம் காலனியில் தண்ணீர் லாரிக்குச் சண்டை நடந்துகொண்டிருந்த கோடை அது. நல்ல தண்ணீர் சேற்றில் கொட்டுவதைப் பார்த்துவிட்டு நீ நேராக அவரிடம் போனாய்.

"அண்ணாத்த, காவாய்க்குப் போற தண்ணிதான? எங்க கொடத்துக்கு வந்தா உன் மோட்டாரு கோச்சிக்குமா?"

அவர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். "புடிச்சிக்கினு ஓடிடுமா. நான் பாக்கல."

அடுத்த சனிக்கிழமை காலனியே பின்சுவர் கேட்டில் நின்றது. முதலில் வரும் தண்ணீர் மைபோல இருக்கும். குழாயிலேயே ஊறிக் கிடந்து நாறும். அது தெரியாமல் புதிதாக வந்த ஒருத்தி முதல் ஆளாகக் குடத்தை வைத்துவிட்டாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அடியே, குழாயி இப்பத்தான் வாய் கொப்புளிக்குது. அதப் போய் புடிக்கிற! கொஞ்சம் நில்லு, வெள்ளையா வரும்." வெள்ளையாக வந்தது. அந்தக் கோடை முழுவதும் வந்தது. ஏழுமலை அண்ணன் ஒரு வாரம் மறந்தால் நீ போய் ஞாபகப்படுத்துவாய். கம்பெனி வைத்த ஆளைவிட அந்த மோட்டார்மேல் உனக்குத்தான் அக்கறை.

பிறகு புது மேனேஜர் வந்தார்.

அவர் வந்த கொஞ்ச நாளில் அடுக்குகளைத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி இடித்து கூரைக் குழாயில் ஒரு மூக்கு உடைந்தது. அப்பா, என்ன மழை! நாம் கட்டி அடுக்கியிருந்த பெட்டிகள் எல்லாம் ஊறிப்போயின. இடித்த டிரைவரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. நம்மை வரிசையாக நிற்க வைத்தார். "பெட்டி நனையுது, பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஒரு தார்ப்பாயை இழுத்து மூடத் தெரியாது? பொம்பளைங்கன்னு வேலைக்கு வெச்சா இதான்!" அன்று எல்லாவற்றையும் பிரித்து, துடைத்து, வேறு பெட்டியில் கட்டி முடித்த பிறகுதான் வீட்டுக்கு விட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு நீலத் தார்ப்பாய் சுருட்டி வைக்கப்பட்டது. எந்த அடுக்கு நனைகிறதோ அதைக் கட்டியவள் பதில் சொல்ல வேண்டும். தண்ணீர் விழுந்தால் ஓடு என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. தண்ணீர் விழுந்தால் பெட்டியை மூடு என்றுதான் சொல்லித் தந்தார்கள்.

அந்த மேனேஜர்தான் சனிக்கிழமைத் தண்ணீரையும் நிறுத்தினார். வெளியூரிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் காரில் வந்த அன்று பின்கேட்டில் நம் குடங்கள் வரிசையாக நின்றன. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று திருவிழாக் கடைபோல. வந்தவர்களில் ஒருத்தி போனில் படம் எடுத்தாள். அவருக்கு மானம் போய்விட்டதாம். இனிமேல் மோட்டார் ஓட்ட வேண்டாம் என்று ஏழுமலை அண்ணனிடம் சொல்லிவிட்டார். அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஓட்டாம போட்டா துரு ஏறி மோட்டாரு புடிச்சிக்கும் சார்."

"கிணத்துல தண்ணி இருக்குல்ல? அது போதும். நீ ஓட்டினா இவங்க வந்து நிப்பாங்க. காலனிக்குத் தண்ணி சப்ளை பண்ணவா நான் இங்க வந்தேன்?"

அடுத்த சனிக்கிழமை குழாயில் தண்ணீர் வரவில்லை. நீ குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் காரை மறித்தாய்.

"சார், கொட்டுற தண்ணிதான சார் கேக்குறோம்?"

"கொட்டினாத்தானே கேப்பீங்க? இனிமே கொட்டவே மாட்டோம். போம்மா."

"சரி சார். நீயே வெச்சிக்கோ. கெணறு மொத்தத்தையும் நீயே குடிச்சிடு. வவுறு வெடிக்காம பாத்துக்கோ!"

நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "வாடி, வேல பூடும்." நீ முந்தானையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாய். அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. நீ கேட்டது ஒரு குடம் தண்ணீர். ஆனால் நீ அதைக் கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் அந்த மோட்டார் உயிரோடு இருந்தது. உன் குடத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அதைச் சாக விட்டார்கள்.

அந்த வருஷம் மழை நல்ல மழை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே கிணற்றில் தண்ணீர் மின்னுவது தெரிந்தது. "பாருடி, ரொம்பிக்கினு நிக்குது. யாருக்கு?" என்று போகும்போதும் வரும்போதும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

மழை ஓய்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சோறு தின்றுவிட்டு வந்து மறுபடி பேக்கிங்கில் நின்றிருந்தோம். ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு பேட்டரி சார்ஜ் போடுகிற மூலையில் புகை கிளம்பியது. யாரோ கத்தினார்கள். எல்லாரும் கதவுப் பக்கம் ஓடினோம். நீயும் என் கூடத்தான் ஓடி வந்தாய். கதவுக்கு முன்னால் நின்று அண்ணாந்து குழாயைப் பார்த்தாய். உன் முகத்தில் பயமே இல்லை. "இப்ப ஊத்தும் பாரு. மாத்துப் பொடவ கூட எடுத்தாரல" என்று சிரித்தாய்.

உடனே உன் முகம் மாறியது. "ஐயோ, பெட்டி! காலைலேந்து கட்டுனதுடி. நனஞ்சா அந்தாளு மறுபடி கட்டச் சொல்லி உயிர எடுப்பான். நீ போ, இழுத்து மூடிட்டு வந்துர்றேன்."

போய்விட்டாய். நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டிருக்காது. தார்ப்பாயை நீ உதறி விரிப்பது ஒரு நிமிஷம் நீலமாகத் தெரிந்தது. பிறகு கறுப்புப் புகை ஷட்டர் இறங்குவதுபோல இறங்கியது. வராத தண்ணீரிலிருந்து நீ பெட்டிகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாய்.

வெளியே மோட்டார் ரூமில் ஏழுமலை அண்ணன் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. இறுகிப்போயிருந்தது. உதைத்தார். இரும்புக் கம்பியால் நெம்பினார். கடைசியில் அதைக் கட்டிக்கொண்டு அழுதார். கூரையில் மூக்குகள் எல்லாம் சொன்னபடி திறந்துகொண்டனவாம். இரண்டு வாய் கறுப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு நின்றுவிட்டனவாம்.

தீயணைப்பு வண்டி வந்தது. வண்டியில் இருந்த தண்ணீர் தீர்ந்ததும் வேலியை அறுத்துக் கிணற்றில் குழாயை இறக்கினார்கள். நான் அங்கேதான் நின்றேன். தண்ணீர் குனிந்து மொள்ளுகிற உயரத்தில் இருந்தது. சாயங்காலம் வரை இழுத்தார்கள். அந்தத் தண்ணீரால்தான் தீ அணைந்தது. நாம் தூர் வாரிய கிணறு வேலை செய்தது. நீ செத்த பிறகு செய்தது. அவர்கள் குழாயைச் சுருட்டும்போது அடிச் சேறு தெரிந்தது.

உன்னைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் துணி சுற்றிக் கொடுத்தார்கள். உன் மகள் ஸ்டெல்லா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். காட்டவில்லை. பத்தாவது படிக்கிற பெண் பார்க்கக் கூடிய முகமா அது? தார்ப்பாயின் ஒரு முனை உன் கையோடு ஒட்டிப்போயிருந்தது என்று அங்கே வேலை செய்கிற ஆள் சொன்னான். கேட்காமலே சொன்னான். அவனை அறைய வேண்டும்போல இருந்தது.

இப்போது கேள். நீ கேட்டிருந்தால் இரண்டாம் முறை செத்திருப்பாய்.

மறுநாள் காலையில் மேனேஜர் கிணற்றோரம் நின்று போனில் படம் எடுத்தார். வெறும் சேறு தெரியும் படம். அதை எல்லாருக்கும் காட்டினார். "கிணத்துல தண்ணியே இல்ல. இருந்ததை எல்லாம் காலனிப் பொம்பளைங்க எடுத்துட்டாங்க. எத்தனையோ தடவை எச்சரிச்சோம். செத்துப்போச்சே, அந்தம்மாதான் அவங்களுக்குத் தலைவி."

இதை யார் நம்புவார்கள் என்று நினைத்தேன். நம்பினார்கள். ரோட்டில் நம்பினார்கள், டீக்கடையில் நம்பினார்கள். நம் காலனியிலேயே நம்பினார்கள். உன்னோடு நின்று குடம் பிடித்தவளே உன் அடக்கத்தன்று என் காதுபட, "பாவம், தண்ணி தண்ணின்னு கத்திக்கினே இருந்தா. கடைசில அதுவே அவளுக்கு எமனா வந்துடுச்சி" என்றாள். அவள் மகனுக்குப் பக்கத்துக் கம்பெனியில் வேலை, எதிர்த்துப் பேசினால் அது போய்விடும். அதனால் அவளுக்கு அப்படித்தான் தெரியும். நானும் அன்று வாயை மூடிக்கொண்டு மண் போட்டுவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து ஸ்டெல்லா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் நின்றாள். "சின்னம்மா, எங்கம்மாவாலதான் தண்ணி இல்லாம போச்சா?"

அப்போதுதான் எனக்குத் தீப் பிடித்தது. உன்னை எரித்தவர்கள் உன் பெண்ணின் மனசுக்குள்ளும் போய்க் கொளுத்திவிட்டார்கள்.

"கெணறு ரொம்பி நின்னுதுடி. நான் பாத்தேன்."

"அப்ப ஏன் ஊத்தல?"

"உங்கம்மா மொண்டுக்குவாளேன்னு மோட்டார ஓட்டாம போட்டாங்க. அதான்."

அவள் அழவில்லை. "அத விசாரணைல வந்து சொல்லுவியா?" என்று மட்டும் கேட்டாள்.

விசாரணை குடோன் வாசலிலேயே நடந்தது. கரிந்த சுவருக்கு முன்னால் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். மேனேஜர் போனை நீட்டிப் படத்தைக் காட்டினார். ஏழுமலை அண்ணன் ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் வாராவாரம் ஓடியது என்று சொல்லச் சொல்லியிருந்தார்களாம். ஸ்டெல்லா என் புடவையைப் பின்னால் பிடித்திருந்தாள். இழுக்கவில்லை, பிடித்திருந்தாள்.

"சார், அந்தப் போட்டோ எடுக்கறதுக்கு முந்தின நாளு தீ வண்டி எங்கேந்து தண்ணி எடுத்துச்சின்னு அவரக் கேளுங்க."

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கெணறு காஞ்சிருந்தா இத்தினி பெரிய நெருப்ப எதால அணைச்சீங்க? எச்சி துப்பியா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். "மரியாதையா பேசும்மா" என்றார் அதிகாரி.

"செத்தவ தலைல பழியப் போடுறது மரியாதையா சார்? அவ கெணத்துல கொடமே வுடல. நீங்க காவாய்ல கொட்டுனதப் புடிச்சா. அவ புடிக்கக் கூடாதுன்னு கொட்டுறதையே நிறுத்துனாரு இவரு. அதோ நிக்கிறாரே ஏழுமலை அண்ணன், அவரக் கேளுங்க. அண்ணாத்த, தலைய நிமித்து! அவ உன்ன அப்படித்தான கூப்புடுவா? இவளப் பாத்து சொல்லு. இவ அவ பொண்ணு."

அண்ணன் நிமிர்ந்தார். ஸ்டெல்லாவைப் பார்க்க முடியாமல் என்னைப் பார்த்தார். "ஓட்டல சார். ஓட்டக் கூடாதுன்னாரு. ரொம்ப நாளா ஓட்டல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது போதுமாக இருந்தது. அதிகாரி எழுதினார்.

போதுமாக இருந்தது என்றா எழுதினேன்? எதற்குப் போதும்? மேனேஜரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அங்கேயும் அவர் யாரையாவது தார்ப்பாய் போடச் சொல்லிக்கொண்டிருப்பார். ஏழுமலை அண்ணனுக்கு வேலை போயிற்று. நீ திரும்பி வரவில்லை. ஆனால் ஸ்டெல்லா அன்று வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் அந்தப் பேச்சைப் பேசியவளின் பேரைச் சொல்லி, "நாளைக்குக் கீது அவளுக்கு" என்றாள். அப்படியே உன் குரல். நான் தடுக்கவில்லை.

இப்போது குடோனுக்குப் புதுக் கூரை, புது மோட்டார், புது மேனேஜர். நான் அங்கே வேலைக்குத் திரும்பவில்லை. இவர் பணிவான ஆள். காலனிக்கே வந்து, "சனிக்கிழமை டெஸ்ட் பண்றப்ப வந்து தண்ணி புடிச்சிக்கோங்கம்மா, கேட் திறந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு உள்ளே கொதித்தது. இவ்வளவுதானா? இதைத்தானே நீ காரை மறித்துக் கேட்டாய்? இதைத் தருவதற்கு நீ எரிய வேண்டியிருந்ததா?

முதல் சனிக்கிழமை போகக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் குடத்தோடு போய்விட்டார்கள். பிறகு எழுந்து போனேன். வெறுங்கையோடு போனேன். கேட்டுக்கு உள்ளே போய் மோட்டார் ரூமுக்கு எதிரில் நின்றேன். அன்றிலிருந்து வாராவாரம் அப்படித்தான் போய் நிற்கிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை கேட் பூட்டியிருந்தது. "ஆபரேட்டர் லீவு. அடுத்த வாரம் ஓட்டுவாங்க, போங்கக்கா" என்றான் காவலாள். உள்ளே பேக்கிங் வேலை நடந்துகொண்டிருந்தது, மெஷின் சத்தம் கேட்டது. மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். நான் கேட்டைப் பிடித்து ஆட்டினேன். நீ உயிரோடிருந்தபோது நான் ஒரு நாளும் பேசாத பேச்செல்லாம் என் வாயிலிருந்து வந்தது. கெட்ட வார்த்தையும் வந்தது. மேனேஜர் ஓடி வந்தார்.

"உங்களுக்கு என்னம்மா வேணும்? லாரித் தண்ணி அனுப்பச் சொல்லட்டுமா?"

"எனக்குத் தண்ணி வேணாம் சார். உள்ள பொம்பளைங்க கீறாங்க. மோட்டார ஓட்டு."

"அடுத்த வாரம்..."

"இன்னிக்கு ஓட்டு."

அவர் என்னைப் பார்த்தார். நான் யார் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். வேறு எங்கோ இருந்து ஒரு ஆளை வரவழைத்து ஓட்ட வைத்தார். காலனிப் பக்கம் என்னைப் பைத்தியம் என்கிறார்கள், சண்டைக்காரி என்கிறார்கள். முன்பு அது உன் பேர். சொல்லட்டும். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, அடக்கவும் போவதில்லை. குழாயில் தண்ணீர் தெளிந்து வரும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். அடுத்த சனிக்கிழமையும் போவேன்.